வரப்போகும் விளையாட்டுகளுக்கு இது தாங்குமா

தினேஷ்,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் கையெழுத்து உனக்குத் தெரியும். மளிகைச் சீட்டு எழுதி அனுப்பினாலே கடைக்காரர் போன் செய்து, இது உளுந்தா உப்பா என்று கேட்பார். அதனால் பேனா ஹரிணியிடம், பேச்சு என்னுடையது. நூலகத்தில் இருக்கும் புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டு இவள் என்னையும் புத்தகம் மாதிரி பேச வைக்கிறாள். எனக்கே இது நான்தானா என்று இருக்கிறது. ஆனால் வாசித்துக் காட்டும்போது சொன்ன விஷயம் மாறவில்லை, அது போதும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் சொல்ல எத்தனையோ முறை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் "விடும்மா" என்கிறாய். பிறகு ஹெட்போனை மாட்டிவிடச் சொல்கிறாய். உன் கை அதுவரை தூக்காது என்பதால் மாட்டிவிடுவதும் நான்தான். உன் காதை என் கையாலேயே மூடிவிட்டு உன்னிடம் எப்படிப் பேசுவது?

வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மார்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளுக்கும் உன்னைப் போலத் தசை கரையும் நோய்தான். நீ சரி என்று சொன்னால் இந்தக் கடிதத்தை அதிலும் போடுவேன். நான் செய்ததை அவர்களில் பாதிப் பேர் செய்திருப்பார்கள். மீதிப் பேர் இனிமேல் செய்வார்கள். நீ வேண்டாம் என்றால் போடமாட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தக் கடைக்குப் போன நாளைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முந்தைய மாதம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, புதிதாக வந்திருக்கும் கேம் மெஷினில் சின்ன மாடல் எடுப்பதா, பெரிய மாடல் எடுப்பதா என்று. எனக்கு நீ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்தான் படத்தை வரைகிறது, கண் இமைப்பதற்குள் பல படங்கள் வரைய வேண்டும், புதுப்புது விளையாட்டு வர வர வரைய வேண்டியதும் கூடிக்கொண்டே போகும், புல்லுக்கு நிழல், தண்ணீருக்குள் மேகம், கண்ணாடியில் முகம் என்று. பந்தி பெரிதாகிக்கொண்டே போகிறது, ஆனால் பூரி போடும் மாஸ்டர் ஒருத்தர்தான், அப்படியா என்று கேட்டேன். "அதேதாம்மா, நீ கேம் கம்பெனிக்கே வேலைக்குப் போலாம்" என்று சிரித்தாய். நான் சமையல் வேலை பார்க்கும் செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில் அன்று முழுவதும் அதை நினைத்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து நீ என்னைக் கிண்டல் செய்திருந்தாய்.

உனக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட விளையாட்டு. அது இன்னும் வரவே இல்லை, இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று ஹரிணி சொன்னாள். அதில் சண்டை கிடையாது, சுடுவது கிடையாது, ஒரு பெரிய நாடு முழுக்க நடந்துகொண்டே இருக்கலாம் என்று அதன் முன்னோட்டத்தை என்னிடம் காட்டினாய். உன் கேள்வி ஒன்றுதான்: இன்று வாங்கும் மெஷின் அன்று வரும் விளையாட்டைத் தாங்குமா?

அந்தக் கடைக்கு ஐந்தாறு படி. சக்கர நாற்காலி ஏறாது. பௌர்ணமிக்கு முந்தின நாள் வேறு, ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். உன்னைக் கீழே வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு நானும் ஹரிணியும் மேலே போனோம். பெட்டிகளை நீயும் பார்க்க வேண்டும் என்று ஹரிணி வீடியோ காலில் உன்னைப் போட்டு, போனைக் கையில் பிடித்திருந்தாள். முதலில் நீயும் பேசினாய், அந்தப் பெட்டியைத் திருப்பு, பின்னால் எழுதியிருப்பதைக் காட்டு என்று. அப்புறம் வெளியே ஹாரன் சத்தம் அதிகமாகி, நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். போன் அவள் கையில் தொங்கியது. கால் கட் ஆகவில்லை. அது எனக்கு மறந்துவிட்டது.

கடைக்காரர் நல்ல மனுஷன், எதையும் மறைக்கவில்லை. "அக்கா, இது சின்ன மாடல். இப்போ வர்ற கேம் எல்லாம் ஜோரா ஓடும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வர்றதெல்லாம் இதுல கொஞ்சம் திணறும். பெரிசு எடுத்துக்கினீங்கன்னா ஏழெட்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "வேணாம்பா. இப்போ ஓடுனா போதும்" என்றேன்.

சொல்லி முடித்ததும் ஹரிணி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். போனில் வேப்பமரத்தின் கிளை மட்டும் தெரிந்தது. நீ எப்படியோ உன் முகத்தை அதிலிருந்து விலக்கியிருந்தாய்.

கையில் காசு கம்மி, அதனால் சொன்னேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீயும் நம்புகிற மாதிரி நடித்திருப்பாய். அது பொய். பெரிய மாடலையும் தவணையில் எடுத்திருக்கலாம், கடைக்காரரே சொன்னார். ஏழெட்டு வருஷம் என்று அவர் சொன்னபோது என் மனசு ஒரு கணக்குப் போட்டது, கணக்கு முடிவதற்குள் வாய் பேசிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். என் தம்பி சேகரைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் அவனுக்கும் இதேதான். ஓடும்போது விழுவான். எழும்போது முட்டியில் கையை ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவது மாதிரி எழுவான். சோம்பேறி என்று அடித்தார்கள். நானும் அடித்திருக்கிறேன், அக்காதானே என்ற உரிமையில். நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கடைசி வருடம் காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது என்பான். பகலில் உட்கார்ந்தபடியே தூங்குவான். ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது, நான்கு நாளில் போய்விட்டான். பள்ளிக்கூடம் போயிருந்தால் பதினோராம் வகுப்பு படித்திருப்பான், இப்போது ஹரிணி படிக்கிற வகுப்பு. நீ முதல் தடவை கையை ஊன்றி எழுந்ததைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்னால் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து சேகரின் வயதை வைத்துத்தான் உன் வயதை அளந்தேன். நீ அவனைத் தாண்டி நான்கு வருடம் ஆகிவிட்டது. தாண்டிய பிறகும் அளக்கிற பழக்கம் போகவில்லை. தாண்டிய ஒவ்வொரு வருடத்தையும், யாரோ தவறுதலாகக் கொடுத்துவிட்ட பொருளைப் போல, திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு வைத்துக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டுக்கு முதலில் வந்த மெஷின் நினைவிருக்கிறதா? கெஸ்ட் ஹவுஸில் ஆறு மாதம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது போர்வை, பாத்திரம், மின்விசிறி எல்லாவற்றோடும் அதையும் என்னிடம் விட்டுப்போனார். அப்போதுதான் நீ நாற்காலிக்கு வந்திருந்தாய். உன் அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்டிருந்தார். அந்தப் பழைய மெஷினில் நான்கைந்து விளையாட்டுகள்தான். அதையே திரும்பத் திரும்ப ஆடினாய். பிறகு ஒரு நாள், உன் சினேகிதர்கள் ஆடுகிற புதிய விளையாட்டு எதுவும் இதில் ஓடாது என்று தெரிந்தது. கெட்டுப்போய்விட்டதா, ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "கெட்டுப்போகலம்மா. நல்லாதான் இருக்குது. இனிமே புதுசா எதுவும் இதுக்கு வராது, அவ்ளோதான்" என்றாய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அன்று யோசிக்கப் பயந்து, சாதம் வடிக்கப் போய்விட்டேன்.

கடையிலிருந்து வந்த பிறகு நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நீ மரியாதையாக இருந்தாய். பெட்டியைப் பிரித்ததும் "சூப்பரா இருக்குதும்மா, தேங்க்ஸ்" என்றாய். விருந்தாளி பேசுவதுபோல. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் உனக்குப் போதும். இன்னொரு தோசை, போதும். புதுச் சட்டை, இருக்கறது போதும். மலைமேல் ஏற்றும் தீபத்தைப் பார்க்க மொட்டை மாடிக்குத் தூக்கிப் போக நாலு பேரைக் கூப்பிடட்டுமா என்றால், வேண்டாம், டிவியில் தெரிவது போதும். என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரிந்தது, ஹரிணிக்கும் தெரிந்தது.

அப்புறம் உனக்குக் காலைத் தலைவலி ஆரம்பித்தது. அதிலும் தப்பு செய்தேன். சேகரைப் பார்த்தவள் நான், எனக்கே உறைக்கவில்லை. இல்லை, உறைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். ராத்திரி பகலாக கேம் ஆடினால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று உன்னைத் திட்டினேன். வேலூர் டாக்டரம்மா சோதித்துவிட்டு, விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தூக்கத்தில் மூச்சு ஆழமாகப் போவதில்லை, அதனால்தான் என்றார். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மாட்டி, மூச்சு மெஷினோடு தூங்கினால் நெஞ்சுக்கு ஓய்வு கிடைக்கும், இதை இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று உன்னிடமே நேராகச் சொன்னார். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னாய்.

"இப்போ ஓடுதில்ல டாக்டர். போதும்."

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. பயப்படுகிறான், வீட்டில் பேசிப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னார். என் வார்த்தையை நீ எனக்கே திருப்பிக் கொடுத்தாய் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே பாட்டுச் சத்தம், அதற்குள் நாம் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். நீ வேண்டாம் என்றும் நான் வாங்கி வந்த மூச்சு மெஷின் இன்னும் ஆஸ்பத்திரிப் பையிலேயே இருக்கிறது. துணி அலமாரியின் மேல் இருக்கிறது. தினமும் அதன் தூசியைத் துடைக்கிறேன்.

போன வாரம் அந்தக் கடைக்கு மறுபடி போனேன், உனக்குத் தெரியாது. சின்ன மாடலைக் கொடுத்துவிட்டுப் பெரிசு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார். அது நியாயம். ஏன், தம்பிக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

இனி கொஞ்சம் ஹரிணி எழுதுகிறேன். அம்மா மூக்கைச் சிந்தப் போயிருக்கிறாள். அண்ணா, உன் கேள்விக்குப் பதில் தேடினேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும், ஆனாலும் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். இரண்டு மாடலுக்கும் பிராசசர் கிட்டத்தட்ட ஒன்று. கிராபிக்ஸ் சிப்பும் மெமரியும்தான் சின்னதில் கம்மி. வரப்போகும் விளையாட்டு இதில் நிச்சயம் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை, ஓடவே ஓடாது என்றும் யாரும் சொல்லவில்லை. நிறையப் பேர் வீட்டில் இருப்பது சின்ன மாடல்தான் என்பதால், செய்கிறவர்கள் அதையும் மனதில் வைத்துத்தான் செய்வார்களாம். நிழல்களைக் குறைப்பார்கள். தூரத்தில் இருப்பது மங்கலாக இருக்கும். படம் சில இடங்களில் திக்கும். ஆனால் பெரிய மாடலில் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு தூரம் இதிலும் நடக்கலாம். இதுதான் நான் படித்தது. தப்பாக இருந்தால் நீயே திருத்து, உனக்குத்தான் என்னைவிட ஜாஸ்தி தெரியும். இந்த இடத்தில் ஒரு உவமை எழுதினேன். அம்மா வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அதை அடி. என் புள்ள மெஷினா?" என்றாள். அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது எழுதும்போதுதான் சத்தமாகச் சொல்கிறேன். கடையில் கேட்ட வார்த்தையால்தான் நீ மெஷினை மறுக்கிறாய் என்று அம்மா நினைக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. வேலூரில் நீ போதும் என்று சொல்வதற்கு முன்னால், ஒரு நர்ஸ் சோதித்துப் பார்க்க உனக்கு முகமூடியை மாட்டிப் பட்டையை இறுக்கிவிட்டு, மெஷினில் வரும் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அந்த எண்களையே பார்த்தாள், டாக்டரும் அதையே பார்த்தார். நான் உன் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தது, எடுத்து எடுத்து அழுத்தியது. நீ ஆட்டத்தை நிறுத்தும்போது அழுத்துகிற அதே மாதிரி. உன்னால் பேச முடியவில்லை, முகமூடியைக் கழற்றக் கையும் தூக்காது. நீ நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாய், யாரும் பார்க்கவில்லை. பார்த்த நானும் சொல்லவில்லை. பெரியவர்கள் வேலையாக இருக்கிறார்களே என்று இருந்துவிட்டேன். அவ்வளவுதான். இனி அம்மா.

கண்ணு, இதை இவள் சொன்னதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இது தெரியாது. இத்தனை நாளும், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக நீ உன் மூச்சையே வேண்டாம் என்கிறாய் என்று நினைத்து அழுதேன். அதிலும் என்னைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன். முகமூடி மாட்டினால், கழற்றச் சொல்லக்கூட உன்னால் முடியாது. அந்தப் பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, என் வார்த்தையைக் கேடயமாக வைத்துக்கொண்டாய். எனக்கு அது கிடைக்க வேண்டியதுதான். ஆனால் பயத்தைச் சொல்லு. உனக்கு இருபத்தோரு வயது. பயமா இருக்குது என்று சொல்ல அந்த வயது தடை இல்லை. எனக்கும் பயம்தான். சேகர் மூச்சுக்குத் திணறியதை நான் பார்த்தவள். அந்தக் காலத்தில் அவனுக்கு இப்படி ஒரு மெஷினைக் கொடுத்திருந்தால் எத்தனை வருடம் இருந்திருப்பான் என்று தெரியாது. யாரும் கொடுக்கவில்லை, அது மட்டும் தெரியும்.

உனக்கு நீண்ட ஆயுசு என்று எழுதச் சொல்லி ஹரிணி கெஞ்சுகிறாள். எழுதமாட்டேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. இந்த நோய் முன்னால்தான் போகும், பின்னால் வராது என்றுதான் சொன்னார். பெரிய மாடல் வாங்கித் தருகிறேன், முகமூடியை மாட்டிக்கொள் என்று பேரமும் பேசமாட்டேன். நீ குழந்தை இல்லை. உன்னிடம் எனக்கு இரண்டு புத்திமதிதான் உண்டு. மரியாதையாக இருப்பதை விட்டுவிடு; என்மேல் கோபம் இருந்தால் கத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, போதும் என்று சொல்வதற்கு முன்னால், நிஜமாகவே போதுமா என்று உன்னையே ஒரு தடவை கேள். போதும் என்றால் போதும், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வலிக்கட்டும் என்று அதைச் சொல்லாதே, செத்துப்போய்விடுவோமோ என்ற உன் பயத்திலும் சொல்லாதே.

ஹரிணி ஒரு யோசனை வைத்திருக்கிறாள். வாசலில் மாட்டுகிற காலிங் பெல், ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுவது, அதன் பட்டனை உன் வலது கட்டைவிரலுக்குக் கீழே கட்டிவிடுவதாம், மணியை என் தலைமாட்டில் வைப்பதாம். முதலில் பகலில் செய்து பார்ப்போம், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். பட்டையை இறுக்காமல் நானே பிடித்துக்கொள்கிறேன். எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், நான் உன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ அழுத்திய நொடியே எடுத்துவிடுவேன், ஏன் என்று கேட்கமாட்டேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம். பிடிக்கவே இல்லை என்றால் வேலூருக்குப் போன் செய்து, வேறு மாதிரி முகமூடி உண்டா என்று கேட்போம். சின்னதாக, மூக்குத் துளைக்கு மட்டும் வைக்கிற மாதிரி ஒன்று உண்டாம், குழுவில் ஒரு அம்மா சொன்னார்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம். நாளை மதியம் கெஸ்ட் ஹவுஸில் சமையல் முடித்துவிட்டு இரண்டு மணி வாக்கில் வீட்டுக்கு வருவேன். அலமாரி மேலிருக்கும் பையை எடுக்கச் சொல்லி நீ ஹரிணியிடம் கேட்டிருந்தால், பை உன் கட்டில் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன். பை அங்கேயே மேலேயே இருந்தால் அதையும் பார்த்துக்கொள்கிறேன். உனக்குச் சாதம் ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் நாளை மறுநாள் மறுபடி கேட்பேன்.

இப்படிக்கு,
அம்மா